காய்ச்சல் விட்ட பிறகு

அனுசியா குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். சாரல் இருக்கிறதா, ஐந்தருவியில் குளிக்க விடுகிறார்களா என்று போனில் கேட்பவர்களுக்கு உள்ளதைச் சொல்வாள். உள்ளதைச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று முதலாளி குற்றாலிங்கம் கடிந்துகொள்வார். அவர் வெறும் முதலாளி இல்லை. அவளுடைய மாமியார் முப்பிடாதியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். அனுசியாவுக்குப் பெரியப்பா முறை. அவள் கணவன் பாண்டிராஜ் போலீஸ் தேர்வுக்குப் படித்த காலத்தில் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சீசன் முடிந்து லாட்ஜ் ஓய்ந்திருந்தது. பின்பக்கம் புதிதாக எழுப்பிய கட்டடம் பாதியில் நின்றுபோயிருந்தது. கட்டட வேலைக்கென்று கட்டிய சிமென்ட் தொட்டியில் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. விரிப்புகளைத் துவைக்கும் ராபியா, அதில் புழு நெளிவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"கொத்தனார் வரட்டும், பாத்துக்கிடலாம்" என்றார் குற்றாலிங்கம்.

பேரூராட்சியிலிருந்து கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தபோது அவர்களை வாசலிலேயே நிறுத்தினார். "உள்ள ஒண்ணும் இல்லம்மா. டீ குடிச்சிட்டுப் போங்க." அவர்களும் குடித்துவிட்டுப் போனார்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அனுசியா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம்.

அம்மா இறந்துவிட்டாள். அப்பா திருப்பூரில் அண்ணன் வீட்டோடு இருந்தார். அதனால் வளைகாப்பு முடிந்தும் அவள் இலஞ்சியில் மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பாண்டிராஜுக்குச் சென்னையில் பணி. பிரசவத்துக்கு லீவு சொல்லி வைத்திருந்தான்.

ஐப்பசியில், பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்தியது. இடுப்பை யாரோ முறிப்பது போல இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம் அத்தை" என்றாள்.

"மழைக்காலம்னா எல்லாருக்கும் வருது. வயித்துப் பிள்ளையோட ஆஸ்பத்திரியில போயி இருந்தா, இல்லாத நோயும் ஒட்டிக்கிடும்" என்றாள் மாமியார். அவளுக்கு மருமகள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டு விழித்திருந்தவளும் அவள்தான். அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் தனக்குத் தெரிந்த கம்பவுண்டரை அனுப்பினார். அந்த ஆள் உடம்புவலிக்கு ஓர் ஊசி போட்டுவிட்டு, "நாளைக்கு எந்திரிச்சு நடப்பாவ" என்று சொல்லிப் போனான். வலி திரும்ப வந்தபோது இன்னொரு ஊசியும் போட்டான்.

சில நாளில் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்து கிடந்தது. முப்பிடாதியம்மாள் மிளகு ரசம் வைத்து, இலஞ்சிக் குமாரர் கோயில் திருநீறு பூசிவிட்டாள். ஆனால் அனுசியாவால் ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை. வாந்தி நிற்கவில்லை. மேல்வயிறு கல்லாகக் கனத்தது. வாய் கொப்பளித்தால் எச்சிலோடு ரத்தம் வந்தது.

"காய்ச்சல்தான் விட்டுட்டுதே. இனி என்ன?" என்றாள் மாமியார். "இது பிள்ளை எறங்குத வலி. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

அன்றைக்கு அவளைப் பார்க்க ராபியா வந்திருந்தாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக, சில்லென்று இருந்தது. கையில் சிவப்புப் புள்ளிகள். ராபியா யாரிடமும் கேட்கவில்லை. தெருவில் போன ஆட்டோவை நிறுத்தினாள்.

"அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்று மாமியார் போனைத் தேடினாள்.

"நீங்க கேட்டுட்டு வாங்க. நாங்க முன்னால போறோம்" என்றாள் ராபியா.

தென்காசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு. பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கியிருந்தது. ஸ்மிருதி என்ற இளம் டாக்டர், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டாள். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த முப்பிடாதியம்மாள் ஊசியைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"டெங்குல அந்த வலி ஊசியே போடக் கூடாதும்மா. ரத்தக்கசிவு கூடிடும். காய்ச்சல் விட்டதும் சரியாயிட்டுதுன்னு நினைச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் வர்ற ரெண்டு நாள்தான் ஆபத்து. கர்ப்பிணிங்களுக்கு இன்னும் மோசம்."

"பிள்ளைக்கு?" என்றாள் அனுசியா.

"இப்போ துடிப்பு இருக்கு" என்றாள் டாக்டர்.

ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பாதி வழியிலேயே பிரசவ வலி தொடங்கிவிட்டது. அங்கே இருந்த டாக்டர்கள், கத்தி வைத்தால் ரத்தத்தை நிறுத்த முடியாது, வைக்காமல் பார்ப்போம் என்றார்கள். பை பையாகப் பிளேட்லெட் ஏறியது. பெண் குழந்தை பிறந்தது. நாள் முந்திப் பிறந்ததால் எடை குறைவு. ஆனாலும் நன்றாக அழுதது. பிறகு அனுசியாவுக்கு ரத்தம் நிற்காமல் போனது. அவள் கண் திறந்தபோது பாண்டிராஜ் சீருடையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"பிள்ளை எங்கன?"

"கண்ணாடி அறையில வச்சிருக்காவ. நல்லாத்தான் இருக்கு. உன் மூக்கு" என்றான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். மூன்று நாள் எல்லோரும் சிரித்தார்கள். குற்றாலிங்கம் வார்டு முழுவதற்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். நான்காம் நாள் குழந்தைக்கு உடம்பு சுட்டது. பால் குடிக்கவில்லை. தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்கும் டெங்கு இறங்கியிருக்கிறது, பிரசவத்தை ஒட்டிக் காய்ச்சல் வந்தால் சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும் என்றார்கள். பார்க்க வந்திருந்த ராபியா அனுசியாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குழாய்களுக்கு நடுவில், உள்ளங்கை அளவு முகம். இரண்டு நாள் கழித்து அதுவும் இல்லை.

இலஞ்சிக்குத் திரும்பிய பிறகும் பால் கட்டி நெஞ்சு வலித்தது. பால் வற்றட்டும் என்று மாமியார் மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டிவிட்டாள். அந்த மணம் அறை முழுக்க நின்றது. யார் வீட்டிலோ விசேஷம் போல இருந்தது.

குற்றாலிங்கம் ஆரஞ்சுப் பழத்தோடு துக்கம் கேட்க வந்தார். "பெரிய உசுரு தப்பிச்சுதே, அதை நினைச்சுக்கிடு. அடுத்த வருஷமே ஆம்பளப் பிள்ளையா வரும்" என்றார். அவர் போனதும் அனுசியா கணவனிடம் கேட்டாள்.

"அந்தத் தொட்டியைப் பத்தி உங்க மாமாட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"

"அங்க உள்ள கொசுதான் கடிச்சுதுன்னு எப்படிச் சொல்லுத? கொசுவுல பேரா எழுதியிருக்கு?"

"ராபியாக்கா மகனுக்கும் காய்ச்சல். பக்கத்து லாட்ஜு வாட்ச்மேனுக்கும் காய்ச்சல்."

"ஊரெல்லாம்தான் காய்ச்சல்" என்றான் பாண்டிராஜ். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தான். அவன் தோள் குலுங்கியது. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வராததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

லீவு முடிந்து அவன் போன பிறகு, அனுசியா பேரூராட்சிக்குப் போன் செய்து விவரம் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. மறுநாளே ஆட்கள் வந்து, டீக்கு நிற்காமல், நேரே பின்பக்கம் போனார்கள். தொட்டியை உடைத்தார்கள். அபராதம் போட்டார்கள். குற்றாலிங்கம் அதைக் கட்டிவிட்டு, அன்று சாயங்காலமே ராபியாவைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அனுசியா லாட்ஜுக்கே போனாள். "நான்தான் பெரியப்பா போன் பண்ணினேன். ராபியாக்கா இல்ல."

குற்றாலிங்கம் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உடம்பு தேறலை உனக்கு. வீட்டுக்குப் போ தாயி" என்றார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொல்லி அழுதாள். முப்பிடாதியம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணனுக்கு நீதான்னு தெரியாமலா இருக்கும்? வீட்டு மருமகளே மாட்டிவிட்டான்னு வெளிய தெரிஞ்சா சிரிப்பாச் சிரிக்கும்லா. யாரையாவது அனுப்பித்தான ஆவணும்."

அனுசியா அதன் பிறகு அந்த லாட்ஜுக்கு வேலைக்குப் போகவில்லை. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட உட்கார்ந்தாள். பாண்டிராஜ் மாதம் ஒருமுறை வந்து போனான். இருவரும் சாப்பாட்டைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

ராபியா புளியங்குடியில் தங்கச்சி வீட்டோடு இருக்கிறாள், எலுமிச்சை மண்டியில் காய் பிரிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுசியா பஸ் ஏறினாள். ராபியா சாக்கு விரிப்பில் உட்கார்ந்து, பழுத்ததை ஒருபக்கம், பச்சையை ஒருபக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் புளிப்பு ஏறி வெந்திருந்தது.

"என்னால உங்க வேலை போச்சுக்கா."

"நீ செஞ்சது சரிதான்" என்றாள் ராபியா. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம். நானும் கூடவே நின்னிருப்பேன். துரத்தினாலும் செஞ்சதுக்குத் துரத்தினான்னு இருந்திருக்கும்."

கொஞ்ச நேரம் அனுசியாவும் உட்கார்ந்து காய் பிரித்தாள். மத்தியானம் ராபியா தன் தூக்குச்சட்டியிலிருந்து பாதிச் சோற்றை எடுத்துக் கொடுத்தாள். பஸ் ஏற்றிவிட வந்தபோது சொன்னாள்.

"ஏட்டி அனு, இனிமே இங்கன வராத. கோவத்துல சொல்லலை. உன்னைப் பாத்தா, அந்தக் கண்ணாடிக்குள்ள கெடந்ததுதான் கண்ணு முன்னால நிக்குது. ராவெல்லாம் தூங்க முடியலை."

அனுசியா சரி என்று தலையாட்டினாள். பிறகு அவள் புளியங்குடிக்குப் போகவில்லை.