பெர்னார்ட் சாரின் ஸ்லாட்டில் தேனீப் பெட்டி

இன்று காக்ஸ் டவுனில் ஒரு அபார்ட்மெண்ட். பார்க்கிங் சுவரில் இருந்த பழைய மீட்டர் பெட்டிக்குள் தேன்கூடு. மருந்தடிக்காதீர்கள், உயிரோடு எடுத்துப் போகிறேன் என்று காலையிலேயே போய்விட்டேன்.

தேனடைகளை வெட்டி மரச்சட்டங்களில் கட்டி, ராணியோடு என் மரப்பெட்டிக்கு மாற்றினேன். அதே சுவரையொட்டி ஸ்டூல் மேல் பெட்டியை வைத்தேன். வெளியே போன தேனீக்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் முழுதாகத் திரும்பும்.

"ஆறு மணி வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் பெட்டி பத்தடி தள்ளி மாமரத்தடியில் இருக்கிறது. சுவரோரம் செகரட்டரி பெர்னார்ட் சாரின் கார். சைடு மிரரே தெரியாத அளவுக்கு அதன் மேல் தேனீக்கள். சார் ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாகத் தூணுக்குப் பின்னால் நிற்கிறார்.

"இது என் ஸ்லாட்டும்மா. சர்ச்சுலேர்ந்து வந்து கார் நிறுத்தணும்ல. நான்தான் தள்ளி வெச்சேன். பத்தடி தானே?"

"அதுங்களுக்குப் பெட்டி தெரியாது சார். இடம்தான் தெரியும்."

"இப்ப இன்னா பண்றது?"

"காரை எடுங்க."

மிரரில் இருந்தவற்றைப் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளிவிட்டேன். கார் தெருவுக்குப் போனது. பெட்டி பழைய இடத்துக்கு வந்ததும் எல்லாம் தானாக உள்ளே போயின. ஆறரைக்குப் பெட்டியின் வாசலை அடைத்துத் தூக்கி வந்தேன். சாரையும் சேர்த்து யாருக்கும் ஒரு கொட்டுகூட இல்லை.

கிளம்பும்போதுதான் அந்தச் சுவரில் இருந்த போர்டைப் பார்த்தேன். "இந்த இடத்தில் வேறு வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும். இப்படிக்கு, செகரட்டரி."

என் தேனீக்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. உங்கள் அபார்ட்மெண்டில் எப்படி?