ஒரே குழாயில் மலைவேம்பும் குச்சிக்கிழங்கும்

மரமும் பயிரும் ஒரே நிலத்தில் வெயிலையும் தண்ணீரையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் என்று கணினியில் மாடல் போடுபவர் என் நண்பர் சேகர். அவருடைய திரையில் மரவேர் ஆழத்துக்குப் போகும், பயிர்வேர் மேலாக நிற்கும், தகராறே வராது. அண்ணன் தம்பிகள்கூட இவ்வளவு கௌரவமாகப் பாகம் பிரித்து நான் பார்த்ததில்லை. அந்த மாடலின்படி மரமும் கிழங்கும் நட்ட கந்தசாமியின் நிலத்தைப் பார்க்கத்தான் சென்ற சித்திரையில் அவருடன் மேச்சேரிக்குப் போனேன்.

சூரமங்கலத்தில் ஆறரைக்கு டீ. சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஓமலூர் வழியாக ஒன்றரை மணி நேரம். பிறகு ஆட்டோ.

"கந்தசாமி காட்டுக்குங்களா? மரம் ஜோரா நிக்குதுங்க" என்றார் ஆட்டோக்காரர். கிழங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மலைவேம்பு உண்மையிலேயே ஜோராக நின்றது. வரிசைகளுக்கு நடுவே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இலையெல்லாம் உதிர்ந்து பெயருக்கேற்றபடி வெறும் குச்சியாக நின்றது. போர் குழாயில் விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர். மரம் வெட்டும் ஆட்கள் மெஷின் ரம்பத்தோடு அந்த மரங்களின் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மரத்தை வைப்பதா, கிழங்கை வைப்பதா? சேகரின் பதிலுக்குக் கந்தசாமியும் மனைவி ராசாத்தியும் காத்திருந்தார்கள்.

குழி தோண்டிப் பார்த்தோம். ஆழத்தில் ஒரு மரவேரும் இல்லை. எல்லாம் சொட்டுநீர்க் குழாய்க்கு அடியில், கிழங்கைச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. தண்ணீர் மிச்சமாகட்டும் என்று இரண்டுக்கும் நடுவே ஒரே குழாய் போடச் சொன்னவர் சேகர். குழாயும் மிச்சம் என்று சந்தோஷமாகப் போட்டவர் கந்தசாமி. பந்தியில் பரிமாறும்போது யார் எழுந்து சமையல்கட்டுக்குப் போவார்கள்?

"மரம் கீழ போயிக் குடிச்சுக்குமின்னீங்களே சார்?"

"மாடல்ல போச்சுங்க."

"அப்பக் கெழங்கையும் அங்கயே நட்டிருக்கலாமுங்க."

இன்னும் ஒரு பருவம் இரண்டையும் விட்டுவைத்தால் அளந்து பார்க்கலாம் என்றார் சேகர்.

"அளக்கற வரைக்கும் நாங்க என்னத்தைங்க திங்கறது?" என்ற ராசாத்தி, ஆட்கள் பக்கம் திரும்பினார். "வெட்டுங்க சாமி."

"இன்னும் ரெண்டு வருசம் உட்டா பிளைவுட்டுக்குப் போகும் புள்ள" என்றார் கந்தசாமி. "இப்ப வெட்டுனா வெறகுதான்."

"வெறகாவே போவட்டும். கெழங்கு பொழைக்கோணுமல்ல?"

வெட்டினார்கள். மரம் விழ வேறு இடமில்லை. கிழங்கின் மேல்தான் விழுந்தது. ஒவ்வொன்று விழுந்ததும் ராசாத்தி ஓடிப்போய் ஒடியாத குச்சிகளை நிமிர்த்தி மண் அணைத்தார்.

கிளம்பும்போது எங்களுக்கு ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் போர் குழாயைப் பார்த்தேன். காற்றைத் துப்பிக்கொண்டிருந்தது. கந்தசாமி போய் மோட்டாரை நிறுத்தினார். ராசாத்தி மறுபடியும் மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

பங்கீட்டைப் பற்றி அவ்வளவு யோசித்த மாடலில், பங்கிட ஒன்றுமில்லாத நாளுக்கு இடம் விடவில்லை என்று பேருந்தில் சேகர் ஒப்புக்கொண்டார். அடுத்த பதிப்பில் சேர்ப்பாராம்.

போகிறவர்களுக்கு: சித்திரையைத் தவிருங்கள். தொப்பி அவசியம், இனி அங்கே நிழல் கிடையாது. தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். அந்த வீட்டில் கேட்டுவிடாதீர்கள், கொடுத்துவிடுவார்கள்.