நாற்பதாம் நாளும் பன்னிரண்டு மாதமும்

‘ஷமீமா — ஆவணியோடு ஏழு வருடம். விண்ணப்பிக்கலாம்.’

என் டைரியில் சிவப்பு மையில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. கீழே இரட்டைக் கோடு வேறு. தப்பான குறிப்பு என்பது போன புதன்கிழமைதான் தெரிந்தது.

ஷமீமா பக்கத்து வீட்டு மருமகள். பிறந்த ஊர் மலேசியாவில் ஈப்போ. கணவன் அன்வர் ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். ஏழு வருடமாக விசாவை நீட்டித்து நீட்டித்தே வேலூரில் குடும்பம் நடத்துகிறாள். இந்தியக் குடியுரிமை கிடைத்தால் அந்த அலைச்சல் தீரும். தெருவில் யாருடைய லைசென்ஸ் எப்போது காலாவதி என்பதுகூட என் டைரியில் இருக்கும். அந்தத் திமிரில் இவளுக்கும் நான்தான் நாள் குறித்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை மூவருமாக சத்துவாச்சாரியில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம்.

"ஏழு வருஷத்துல ‘இன்னா’ன்னு பேசவே கத்துக்கிட்டா மேடம். அதுக்கே குடுத்துடலாம்," என்றான் அன்வர்.

"என் கையில இருந்தா இப்பவே குடுத்துடுவேன்," என்று சிரித்தபடி வக்கீல் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். ஒரு முத்திரையில் விரல் நின்றது. சிரிப்பும்தான்.

"நடுவுல ஊருக்குப் போனியாம்மா?"

"எங்கம்மா மவுத்தாயிட்டாங்க மேடம்."

"எத்தினி நாளு இருந்த?"

"நாப்பத்திரண்டு."

வக்கீல் பாஸ்போர்ட்டை மெதுவாக மூடினார்.

கல்யாணமாகி ஏழு வருடம் என்றுதானே நாமெல்லாம் நினைக்கிறோம்? சட்டம் தாலியையும் எண்ணவில்லை, நிக்காஹ்வையும் எண்ணவில்லை. இந்த மண்ணில் இருந்த நாட்களை எண்ணுகிறது. அதிலும் விண்ணப்பிக்கும் முன் கடைசிப் பன்னிரண்டு மாதம் விடாமல் இங்கேயே இருந்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால், டெல்லி மனது வைத்தால், முப்பது நாள் வரை மன்னிப்பு உண்டு. அதற்கு மேல் கிடையாது.

அவள் திரும்பி வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. இன்னும் ஏழு மாதம் நகரக் கூடாது.

அவள் நாற்பத்திரண்டு நாள் ஏன் தங்கினாள்? தாயின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. விமானம் இறங்குவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்பது கிளம்பும்போதே தெரிந்ததுதான். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும்போதாவது இருக்கலாமே என்று தங்கினாள். "நாப்பது முடிச்சிட்டே வாம்மா, இங்க நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தது மாமியார். நல்ல மனசு. அந்த நல்ல மனசுக்குத்தான் இந்தத் தண்டனை.

கிளம்பிய அன்று காட்பாடி ஸ்டேஷனில் அவள் என்னைக் கேட்டாள்: "அங்கிள், நாப்பது நாள் இருந்தா பேப்பருக்கு ஒன்னும் ஆவாதே?"

"ஏழு வருஷத்துல நாப்பது நாள் ஒரு கணக்கா? போய்ட்டு வாம்மா."

சொன்னது நான். சட்டப் பிரிவின் முதல் வரியைப் படித்திருந்தேன்... அடியில் இருந்த விளக்கத்தைப் படிக்கவில்லை. வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன்!

வக்கீல் வீட்டிலிருந்து திரும்பும்போது யாரும் என்னைத் திட்டவில்லை. "விடுங்க சார், ஏழு மாசம் தானே," என்றான் அன்வர். திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து போன். அவளுடைய அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். அந்த வீட்டில் இப்போது அவர் தனி ஆள். நான் ஷமீமா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"லேசான அடிதாம்மா. நீ வராத. வந்தா மறுபடி மொதல்லேர்ந்து எண்ணுவாங்க. பேப்பர வாங்கிட்டு வா."

"வீடியோவுல வாங்க அத்தா, மூஞ்சியப் பாக்கறேன்."

"கேமரா கெட்டுப்போச்சும்மா."

ஷமீமா என்னைப் பார்த்தாள். நாள் கேட்கிற பார்வை அது. நான் டைரியைத் திறக்கவில்லை.

கேமரா நிஜமாகவே கெட்டுப்போய்விட்டதா? இதை எழுதி முடிக்கும்வரை உறுதிசெய்ய முடியவில்லை.