மஞ்சள் இலை கருகின மார்கழி

எனக்குச் சந்தேகப் புத்தி ஜாஸ்தி. என் வீட்டுக்காரரு அடிக்கடி கிண்டல் பண்ணுவாரு, சாமியே நேர்ல வந்து வரம் கொடுத்தாலும் நீ அடையாள கார்டு, ஐசி எங்கேன்னு கேப்பேன்னு. கேக்கத்தான் செய்யணும். பிறைங்கிற ஊருல அத்தனை வருஷம் வேலை பாத்த பேக்டரியில, "நாமெல்லாம் ஒரே குடும்பம்"னு கேக் வெட்டி ஊட்டிவிட்டாங்க. மறு மாசம் ஆள் குறைச்சாங்க. குறைச்சதுல நானும் ஒருத்தி. அதுக்கப்புறம் எவன் என்னைப் பாத்துச் சிரிச்சாலும், அவன் கை என்ன பண்ணுதுன்னுதான் பாப்பேன்.

வீட்டுல சும்மா உக்காந்திருந்தப்ப, கெலுகோர்ல ரோட்டோரச் செடிக்கடை ஒண்ணுல ஆள் தேடுறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். பின்னாடி மேட்டுல சின்னத் தோட்டம், அதை ஒட்டியே கடைக்கார அக்கா வீடு, முன்னாடி தகரக் கூரை போட்ட கடை. கறிவேப்பிலை, துளசி, மிளகாக் கன்னு, வெண்டி, கீரை எல்லாம் உண்டு. ஆனா பொங்கல் நெருங்கிட்டா மஞ்சள் செடிக்குத்தான் மவுசு. கறுப்புப் பையில வளத்து வெச்சிருப்பாங்க. பானையில கட்டுறதுக்கு இலையும் கிழங்குமா ஜனங்க அப்படியே தூக்கிட்டுப் போவாங்க.

அக்கா என்னைவிட மூத்தவங்க. அளந்துதான் பேசுவாங்க. முதல் நாளே சொல்லிட்டாங்க: "வேலை பொங்கல் வரைக்கும்தான்மா. மஞ்சளை நல்லபடியா கரை சேத்துட்டீன்னா அப்புறமும் வெச்சுக்கலாமான்னு பாக்குறேன்." அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். அம்பது வயசுக்காரியை இனிமே எந்தப் பேக்டரி கூப்பிடப் போகுது? எனக்கு அந்த வேலை நிலைக்கணும், அவ்வளவுதான்.

மஞ்சள் முழுக்க என் பொறுப்பு. அதுல அக்காவுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. பைப் தண்ணியில மருந்து வாடை அடிக்குதாம், அதை நேரா மஞ்சளுக்கு ஊத்தக்கூடாது. சாயங்காலமே நீல டிரம்முல பிடிச்சு வெச்சிடணும். ராத்திரி பூரா நின்ன தண்ணியைக் காலையில நான் மொண்டு ஊத்தணும். மத்த செடிக்கெல்லாம் ஹோஸ்லயே அடிச்சுவிடலாம். மஞ்சளுக்கு மட்டும் இந்த ராஜ மரியாதை.

செடி தளதளன்னு வந்துச்சு. கூச்சப்படாம சொல்றேன், எனக்கு அப்படி ஒரு பெருமை! கடைக்கு வர்றவங்களைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுவேன். காலையில வந்ததும் ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால துடைப்பேன். அக்கா தூர நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவே பிடிக்காது.

மழை ஓஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்ச மார்கழியில இலை நுனி கருக ஆரம்பிச்சது. முதல்ல ஒரு வரிசை. அப்புறம் எல்லா வரிசையும். தண்ணி பத்தலையோன்னு இன்னும் ரெண்டு வாளி சேத்து ஊத்தினேன், இன்னும் மோசமாச்சு. பக்கத்துலயே இருக்கிற கறிவேப்பிலை ஜம்முனு நிக்குது, துளசி ஜம்முனு நிக்குது, மஞ்சள் மட்டும் கருகுது. இது தானா நடக்குற வேலை இல்ல, எவனோ பண்றான்னு எனக்குப் பட்டுடுச்சு.

எவன்னும் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடை. அந்தக் கடைக்கார அண்ணே பையில கட்டின தேத்தண்ணியை உறிஞ்சிக்கிட்டே தினமும் வருவாரு. "மஞ்சள் ஜோரா இருக்குலா தங்கச்சி"ன்னு இலையைத் தடவுவாரு. எதுக்குத் தடவணும்? உங்க கடையில இலையே இல்லையா? கருக ஆரம்பிச்சப்புறம் வந்து, "அடடா, பாவம்லா"ன்னு உச்சுக் கொட்டினாரு பாருங்க, தேத்தண்ணிப் பையைப் பிடுங்கி அவரு தலையிலயே ஊத்தலாம் போல இருந்துச்சு.

ஆனா அக்காவோட சந்தேகம் அவரு மேல இல்ல. ஒருநாள் மெதுவா பக்கத்துல வந்து நின்னு, "தப்பா நினைக்காதம்மா, மூணு நாளு வர்றப்பவும் செடியைத் தொடுறியா?"ன்னு கேட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. "அதெல்லாம் நின்னு போய் ரெண்டு வருஷமாச்சு அக்கா!"ன்னு ரோட்டுக்கே கேக்குற மாதிரி கத்திட்டேன். கறிவேப்பிலை பாத்துக்கிட்டிருந்த சீன ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை.

மறுநாள் காலையில பையில மண்ணைக் கிளறினப்ப, விளிம்புல வெள்ளையா பூத்திருந்ததைப் பாத்தேன். விரல்ல தொட்டு நாக்குல வெச்சேன். உப்பு! ஓடிப்போய் டிரம்மு தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். அதுலயும் கரிப்பு. உப்புத் தண்ணியைத்தான் இத்தனை நாளா ஊத்தியிருக்கேன். யாரோ போடுறான், நான் ஊத்துறேன், பழி என் தலையில. அப்பவே சொன்னா அந்த அண்ணே கையை விரிச்சுடுவாரு. கையும் களவுமா பிடிக்கணும்னு வாயை மூடிக்கிட்டேன். அன்னைக்கு மஞ்சளுக்கு ஹோஸ்லதான் அடிச்சேன்.

சாயங்காலம் போறேன்னு சொல்லிட்டு மோட்டார் சைக்கிளைச் சந்துல விட்டுட்டு, திரும்பி வந்து மண் மூட்டைக்குப் பின்னாடி குந்திக்கிட்டேன். கொசு பிடுங்கித் தின்னுது. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற நேரம். எதிர்க்கடை அண்ணே கதவைச் சாத்திட்டுப் போயே போயிட்டாரு. வந்தது அக்கா.

ஒரு கையில உப்பு ஜாடி. வரிசைக்கு ஒரு பிடி கல்லுப்பை எடுத்து, செடியை மூணு சுத்து சுத்தி, அதைக் கொண்டு போய் டிரம்முல போட்டாங்க. அடிப்பாவி, வேலை கொடுக்க மனசில்லன்னா வாயால சொல்லித் தொலைக்கலாமேன்னு எழுந்திரிக்கப் போனேன். அப்பதான் அடுத்த வரிசைக்கு அவங்க முணுமுணுத்தது காதுல விழுந்துச்சு. "ஊருக் கண்ணு, உறவுக் கண்ணு, எதிர்க்கடைக் கண்ணு, ரோட்டுல கெரேத்தா ஓட்டிப் போறவன் கண்ணு, தண்ணி ஊத்துறவ கண்ணு..."

எழப் போனவ திரும்பக் குந்திட்டேன். எனக்குப் பிள்ளை இல்ல. சொந்தக்காரங்க வீட்டுல நான் குழந்தையைத் தூக்கினா, பால் கொடுக்கணும்னு சொல்லி வாங்கிட்டுப் போய், உள்ளே உப்பு சுத்துவாங்க. எத்தனையோ தடவை கேட்டுட்டுக் கேக்காத மாதிரி இருந்திருக்கேன். செடிக்கிட்டயுமா? கடைசியில செடிக்கிட்டயுமா?

மூட்டைக்குப் பின்னாடியிருந்து எழுந்து போய், டிரம்முல ஒரு டம்ளர் மொண்டு நீட்டினேன். "குடிங்க."

அக்கா திடுக்குனு ஜாடியைக் கீழ போட்டுட்டாங்க. அப்புறம் வாங்கிக் குடிச்சு, முகத்தைச் சுளிச்சுத் துப்பினாங்க.

"காலையில நான் ஊத்துறது இதைத்தான் அக்கா."

"கண்ணு கழிச்ச உப்பைத் தண்ணியிலதானேம்மா கரைக்கணும்"னு மெதுவா ஆரம்பிச்சவங்க, பாதியிலேயே நிறுத்திட்டாங்க. டிரம்மைப் பாத்தாங்க, செடியைப் பாத்தாங்க. தலையில கையை வெச்சுக்கிட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாங்க. "ஐயோ, கருகக் கருகக் கூடப் போட்டேனே!"

வேற நாளா இருந்தா பாவமா இருந்திருக்கும். எனக்கு அன்னைக்கு ஆத்திரம் அடங்கல. "என் கண்ணுன்னு சொன்னீங்களே. பிள்ளை இல்லாதவ கண்ணு கொள்ளிக்கண்ணுன்னுதானே? நேரா சொல்லிருங்க, நாளையிலிருந்து வரல."

அக்கா என்னை நிமிந்து பாத்தாங்க. நான் என்ன பேசுறேன்னே அவங்களுக்கு முதல்ல புரியல. புரிஞ்சதும் முகமே மாறிடுச்சு.

"பைத்தியமாடி உனக்கு? என் பிள்ளைங்களுக்குச் சுத்துறப்ப முதல்ல என் கண்ணைத்தான் சொல்லுவேன். பெத்தவ ஆசையா பாக்குறாளே, அந்தக் கண்ணுதான்டி பிள்ளை மேல முதல்ல விழும். இதுங்களை அப்படி யாரு பாக்குறா? நானா பாக்குறேன்? இலை இலையா துடைக்கிறவ நீதானே?"

பெத்தவங்க கணக்குல என்னைச் சேத்துச் சொன்ன முதல் ஆளு அவங்கதான். நிஜமா சொல்றாங்களா, சமாளிக்கிறாங்களான்னு ஒரு பக்கம் மனசு கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. இன்னொரு பக்கம் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது.

ரெண்டு பேருமா சேந்து டிரம்மைச் சாய்ச்சு, தண்ணியை ரோட்டோரக் காவாயில ஊத்தினோம். ஒவ்வொரு பையிலயும் ஹோஸை வெச்சு, அடியில ஒழுகுற வரைக்கும் நல்ல தண்ணி விட்டோம். பாதிச் செடியாவது பிழைக்கும்னு அக்கா சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

கிளம்புறப்ப அக்கா சேலையில கையைத் துடைச்சுக்கிட்டே, "பொங்கல் முடிஞ்சும் வாம்மா"ன்னாங்க.

"வர்றேன். ஆனா இனிமே உப்பைக் காவாயிலதான் கொட்டணும்."

"சரி."

"சுத்துறப்ப என் கண்ணை விட்டுடாதீங்க அக்கா"ன்னேன். "முதல்ல சொல்லுங்க."