முதல் மீன்

ஊர் முழுவதும் விரும்புகிற ஒரு நன்மை, அதற்காக முதல் ஆளாக நிற்க ஒருவரும் விரும்பாததால் நின்றுபோக முடியுமா? அகஸ்ரினாவைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதாவது வந்திருக்கும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம் அவருடையது. சிறு வயதில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர், அங்கே முகாமில் வளர்ந்து, மணம் முடித்து, கணவனை இழந்து, போர் முடிந்த பின் மகள் பெற்றிசியாவுடன் திரும்பி வந்தார். ஊரில் பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் வலைக் குவியல்களுக்கு இடையில் அலைந்துகொண்டிருந்தார்கள். தகப்பன்மார் கடலில், தாய்மார் கருவாட்டு வேலையில். போரில் இடம்பெயர்ந்து ஓடி ஓடிப் படித்த பிள்ளைகளில் பலருக்கு ஐந்தாம் வகுப்பிலும் வாசிக்க வராது. முகாமில் மாலை வகுப்பு நடத்திய பழக்கம் அகஸ்ரினாவுக்கு இருந்தது. பங்குச் சுவாமியாரிடம் கேட்டுக் கோயில் மண்டபத்தில் தொடங்கினார்.

அவரைப் பெரிய ஆசிரியை என்று சொல்லிவிட முடியாது. பொறுமை குறைவு. கணக்கு அவருக்கே தடுமாறும். ஒரு பிள்ளை வாசிக்கிறதா, மனப்பாடம் சொல்கிறதா என்பதை மட்டும் உடனே கண்டுபிடிப்பார். அதனால் பிள்ளைகளை வகுப்புப்படி இருத்தாமல் வாசிப்புப்படி இருத்தினார்.

ஊரும் கைகொடுத்தது. படகுகள் கரைக்கு வரும்போது ஒவ்வொரு படகும் ஒரு மீனைக் கோயில் கூடையில் போடும். புதன்கிழமைக் கூடை மாலை வகுப்புக்கு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. அந்த மீன் ஏலத்தில் போய், பசியோடு வரும் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் அவித்த கடலையும் ஆகும். பேசாலையிலிருந்து வரும் இரண்டாவது ஆசிரியைக்கும் அதிலிருந்துதான் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கூடைக்கு ஒரு முறை இருந்தது. முதல் மீன், படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அமிர்தநாயகத்தின் படகிலிருந்து விழவேண்டும்; அதன் பிறகே மற்றவர்கள் போடுவார்கள். மீள்குடியேறிய புதிதில் கரையில் ஓடக்கூடிய படகுகள் அவருடையவை மட்டுமே. மற்றவர்கள் அவற்றில் போய்த்தான் தொழிலை மறுபடி தொடங்கினார்கள். அந்த நன்றிதான் இப்படி ஒரு வரிசையாக மாறியிருந்தது. அதை யாரும் சட்டமாக்கவில்லை; அதனால் மாற்றுவதற்கும் வழியிருக்கவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் முற்றத்தில் நிற்கும்போது அமிர்தநாயகம் அகஸ்ரினாவிடம் வந்தார்.

"டீச்சர், என்ர பொடியன் ஐஞ்சாம் வகுப்பு. நீங்கள் அவனைச் சின்னனுகளோட இருத்தியிருக்கிறியளாம். உங்கட மகள் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கிறாவாம்."

"வாசிப்புப் பாத்து இருத்தினனான் அண்ணை."

"ஜெனோஜன் வாசிப்பான். வீட்டில பாடத்தைப் படபடவெண்டு சொல்லுறான்."

"ஓம், சொல்லுவான். புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சாலும் சொல்லுவான்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அகஸ்ரினா சொன்னது உண்மை. ஆனால் ஓர் உண்மையை எந்த இடத்தில் சொல்வது என்பதும் அறிவின் பகுதிதான். அது அன்று அவரிடம் இருக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை அமிர்தநாயகத்தின் படகு வந்தது. அவர் கூடையைத் தாண்டி நடந்து போனார். ஒருவரையும் தடுக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. மற்றவர்கள் கையில் மீனோடு நின்றார்கள். ஏலத்துக்கு வந்திருந்த எருக்கலம்பிட்டி வியாபாரி ஜுனைதீன் பொறுமை இழந்தார்.

"என்னப்பா, கூடை காயுது. நான் ஒண்டை வாங்கிப் போடட்டா?"

"வாங்கிறவர் போட்டா அது காணிக்கை இல்லை முதலாளி, வியாபாரம்" என்றார் ஒருவர்.

"அப்ப நீங்க போடுங்களேன்."

காணிக்கை என்று சொன்னவர் தன் கையிலிருந்த மீனைப் பார்த்தார். பிறகு அதைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த புதன்களும் அப்படியே. கஞ்சி நின்றது. பேசாலை ஆசிரியை வருவதை நிறுத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரைக்குத் திரும்பினார்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டு மாக்கிறட் சேலைத் தலைப்புக்குள் ஒரு பாரை மீனோடு பின்வாசலால் வந்தார்.

"ஒருத்தரும் காணேல்லை. கெதியாப் பிடியுங்கோ."

"ஒருத்தரும் காணாமல் தாறதெண்டால் வேண்டாமக்கா. பிள்ளையள் களவாப் படிக்கேல்லை."

"உங்கட ரோசத்தையே பிள்ளையள் சாப்பிடுறது?"

அகஸ்ரினா கை நீட்டவில்லை. மாக்கிறட் மீனைத் திரும்பக் கொண்டு போனார்.

விடாமல் வந்தவர்களில் ஒருவன் ஜெனோஜன். வீட்டில் யாரும் அவனை அனுப்பவில்லை. யாரும் மறிக்கவும் இல்லை. பெற்றிசியாவுக்குப் பக்கத்தில் இருந்து எழுத்தெழுத்தாகக் கூட்டுவான். அவளுடைய இந்தியப் பேச்சை நக்கலடிப்பான். "போறேன் இல்லையடி, போறன்" என்பான். "முதல்ல அதை எழுதிக் காட்டு" என்பாள் அவள். ஒரு பின்னேரம் அவன் முன்பு கண்டிராத ஒரு பக்கத்தை, திக்கித் திக்கி, முடிவுவரை வாசித்தான். அகஸ்ரினா பாராட்டவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார்.

அந்தக் கிழமையே அமிர்தநாயகம் மண்டபத்துக்கு வந்தார். அவர் கெட்டவர் அல்ல. வெறுமையான வாங்குப் பலகைகளைப் பார்த்தபோது அவருக்கும் முகம் வாடியது.

"ஊர்ப்பிள்ளையள் பாழாப் போகவேணும் எண்டு எனக்கு ஆசையே டீச்சர்? அவனை ஐஞ்சாம் வகுப்பு வாங்கில இருத்துங்கோ. மற்றதுகளையும் அப்பிடியே. புதன்கிழமை முதல் மீன் என்ர."

"அவன் இப்பதான் வாசிக்கத் தொடங்கிறான் அண்ணை. இப்ப மாத்தினா விட்டிடுவான்."

"அங்க இருந்தும் வாசிக்கலாம்தானே."

அகஸ்ரினா வெளியே பார்த்தார். கரையில் பிள்ளைகள் உடைந்த மீன்பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"சரி" என்றார்.

புதன்கிழமை கூடை நிரம்பி வழிந்தது. கஞ்சி வந்தது, ஆசிரியை வந்தார், மண்டபத்தில் பழையபடி இரைச்சல். பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக இருந்தார்கள். ஜெனோஜன் ஐந்தாம் வகுப்பு வாங்கில் இருந்து பாடத்தைப் படபடவென்று சொன்னான். ஊருக்கு நிம்மதி. அந்த நிம்மதியைப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது.

பெற்றிசியா அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தார்கள். காய்ச்சல் இல்லை, தாயேதான் நிறுத்தியிருந்தார். மகள் அழுதது வேலிக்கு அப்பால் மாக்கிறட்டின் காதில் விழுந்தது.

"ஊர்ப்பிள்ளையளுக்கு நல்ல வகுப்பு, உங்கட பிள்ளைக்கு ஆகாதோ?" என்று அவர் கேட்டபோது, அகஸ்ரினா கடலைப் பானையை இறக்கிக்கொண்டே, "சூடு, தள்ளி நில்லுங்கோ அக்கா" என்றார்.

ஒவ்வொரு பின்னேரமும் அவர் மகளை வாசிப்புப் புத்தகத்தோடு வீட்டில் விட்டுவிட்டு, ஊர்ப்பிள்ளைகளுக்கு வகுப்புப்படி சொல்லிக்கொடுக்கப் போனார்.