பெயர் வெட்டிய தட்டு

எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தட்டு கிடையாது. அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு என்று மூன்று தட்டுகள்தான். நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும், மிஞ்சியதைச் சட்டியில் வழித்துப் போட்டு, அடுப்படியில் நின்றபடியே அம்மா சாப்பிடுவாள். அண்ணன் பாதியில் விட்ட தோசை, நான் ஒதுக்கிய உப்புமா, அப்பாவின் கடைசிக் கவளங்கள். எதையும் கொட்ட அவளுக்கு மனம் வராது.

மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்தபோது அவள் கால் கட்டைவிரலில் வெட்டுப்பட்டது. சின்னக் காயம்தான், ஆறவில்லை. விரல் கறுக்கத் தொடங்கியதும் அப்பா அம்மாவையும் என்னையும் எங்கள் ஊரான பெருமுக்கலிலிருந்து பேருந்தில் திண்டிவனத்துக்கு அழைத்துப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க. காலையில ஒரு சொம்பு கேப்பைக் கூழு. அவ்ளோதாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “என் உப்புமா, அண்ணன் தோசை எல்லாம் துன்னியேம்மா?”

“அது மிச்சம்டி. அது சாப்பாடா?”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. தான் சொன்னதைத் தானே திரும்பக் கேட்டவள்போல உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அப்பா பக்கம் திரும்பி, இனி இவர் சாப்பாட்டை நீங்கள்தான் கவனிக்க வேண்டும் என்றார். அப்பா தலையாட்டுவதற்குள் அம்மா குறுக்கிட்டாள்.

“அவருகிட்ட எதுக்குங்க சொல்றீங்க? துன்றது என் வாயி. நானே பாத்துக்கறேன்.”

பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் வழியில் அம்மா ஒரு பாத்திரக்கடைக்குள் நுழைந்து எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்தாள். பெயர் வெட்டும் கருவியோடு கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். கல்யாணங்களுக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் அப்பா பெயரைத்தான் வெட்டுவோம். யாருக்குக் கல்யாணம் என்று நானும் கேட்டேன்.

“என் பேரு போடுங்க” என்றாள் அம்மா.

“தட்டுல பேரு வெட்னா சக்கர எறங்கிடுமா?” என்றார் அப்பா.

“எறங்கும். இன்னா துன்றேன்னு இனிமே என் கண்ணுக்குத் தெரியும் இல்ல?”

அன்று மாலை புதுத் தட்டில் ஓர் உருண்டைக் களியும் நிறைய முருங்கைக்கீரையும் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல மிச்சத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

“அது உன்னுது. வாணாம்னா மொதல்லயே கம்மியா போட்டுக்கோ.”

அப்பா தன் கடைசிக் கவளங்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டு முடித்தார்.

மாத்திரையும் கட்டுமாகக் காயம் ஆறச் சில மாதங்கள் ஆயின. விரல் தப்பியது. விருந்துகளில் ஜிலேபியை நீட்டி, ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது வற்புறுத்தினால், “உனுக்கு ஆவாது, எனுக்கு ஆவும்” என்பாள். இன்றும் பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு அவள் முன்னால் ஏறுகிறாள். நான்தான் நின்று மூச்சு வாங்குகிறேன். துலக்கித் துலக்கித் தட்டில் அவள் பெயர் மங்கிவிட்டது. தட்டை மாற்றச் சம்மதிக்கவில்லை.

அப்போதெல்லாம் தட்டு கழுவுவது என் வேலை. புதுத் தட்டு வந்த அந்த மாலை எனக்குப் புரிந்தது, கழுவுவதற்கு ஒன்று கூடிவிட்டது என்பது மட்டும்தான்.