ஆற்றங்கரையில் எடுத்த வளையல்கள்

வெளிச்சம் பட்டதற்காகப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சேற்றில் விளையாடி வந்த பிள்ளைகள் இல்லை. நான் செய்த சிற்பத்தின் வெளிச்சம் அவர்கள் முகத்தில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நம்ப முடியவில்லை.

அப்போது நான் சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால், ஜன்னலுக்கு வெளியே மலை பெரிதாகிக்கொண்டே வந்து, இனி ஏறத்தான் வேண்டும் என்கிற இடத்தில் எங்கள் நிறுத்தம். கடைசி வருடத்துக்கு ஒரு சிற்பம் செய்து காட்டினால்தான் பாஸ். கல்லும் வேண்டாம், மரமும் வேண்டாம், யாரோ வீசிய பொருள்களும் வெளிச்சமும் மட்டுமே போதும் என்று நானே வீராப்பாக எழுதிக் கொடுத்திருந்தேன். லீவில் ஊருக்கு வந்த பிறகுதான் முழி பிதுங்கியது.

மலைக்கு மேலே போய்ப் பார்த்தேன். அருவிப் பக்கம் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன சிப்ஸ் கவரும் தண்ணீர் பாட்டிலும்தான் கிடந்தன. பாட்டிலை வெட்டி மீன் செய்வதற்கு எங்கள் வகுப்பில் ஏற்கெனவே ஆள் இருந்தது. சின்னசேலத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் லாரி ஹெட்லைட்டின் கிண்ணம் கிடைத்தது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. வெளிச்சத்துக்கு வழி கிடைத்துவிட்டது. அது படுவதற்குத்தான் பொருள் இல்லை.

ஆற்றில்தான் கிடைத்தது. கோடையில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. பாலத்துக்குக் கீழே ஒரு கல் மேடை உண்டு. அதைச் சுற்றிச் சேற்றில் பச்சையும் சிவப்பும் நீலமுமாக ஏதோ மின்னியது. உடைந்த கண்ணாடி வளையல்கள். கையை விட்டுத் துழாவத் துழாவ வந்துகொண்டே இருந்தன. ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்குச் சாத்தியதில் உடைந்ததை ஆற்றில் விட்டிருப்பார்கள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் கோணிப்பை நிறைய அள்ளி வந்தேன்.

அம்மா காலையில் மரவள்ளிக் காட்டுக்குக் களை வெட்டப் போனால் சாயங்காலம்தான் வருவாள். அப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை. வீடு முழுக்க என் ராஜ்ஜியம். துண்டுகளைக் கழுவிக் காயவைத்து, நிறம் நிறமாகப் பிரித்தேன். ஒரு சைக்கிள் ரிம்மை உத்தரத்தில் கட்டி, அதிலிருந்து தூண்டில் நரம்பு இறக்கி, ஒரு சொட்டுப் பசை வைத்து ஒவ்வொரு துண்டாக ஒட்டினேன். நடுவில் ஹெட்லைட் கிண்ணம், அதற்குள் பல்பு. சில துண்டுகளுக்கு மட்டும் வளைவு மிகச் சின்னதாக இருந்தது. ஏதோ குழந்தை வளையல் போல என்று நினைத்து, அழகுக்காக அவற்றை எல்லாவற்றுக்கும் மேலே தொங்கவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் அதை வாசல் கூரைக்குக் கொண்டுவந்து மாட்டி சுவிட்சைப் போட்டேன். எதிர் வீட்டு வெள்ளைச் சுவர் முழுக்க வளைவு வளைவாக நிறங்கள் விழுந்தன. காற்றில் ரிம் லேசாகத் திரும்பினால் சுவரே நகர்வது போல் இருந்தது. தெருப் பிள்ளைகள் ஓடி வந்து நிறத்தைக் கையால் பிடிக்கக் குதித்தார்கள். பெண்கள் வந்து நின்றார்கள். எதிர் வீட்டு அக்காவும் தன் சுவரில் என்ன கூத்து என்று பார்க்க வெளியே வந்தார். சேலம் ரோட்டில் லாரி மோதி அவர் வீட்டுக்காரர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்போது நான் சென்னையில் இருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரீட்சை முடிந்து ரிசல்ட்டும் வந்துவிட்ட மாதிரி நின்றேன்.

அம்மா புல்லுக்கட்டோடு வந்தாள். முதலில் அவளுக்கும் சிரிப்புதான்.

"இன்னாடி, வாசல்ல திருவிழாவா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "வளையலா இது? எங்கேர்ந்து எட்த்தாந்த?"

"ஆத்துலதான். பாலத்துக்குக் கீழ கல்லு மேட கீதுல்ல, அங்க."

புல்லுக்கட்டு கீழே விழுந்தது. அடுத்தது என் கன்னத்தில் விழுந்தது. எனக்கு வயது இருபத்தொன்று. சின்ன வயதில்கூட அம்மா என்னைத் தெருவில் வைத்து அடித்ததில்லை.

"தாலியறுத்தவளுங்க கையில ஒடச்சத எட்த்தாந்து வாசல்ல மாட்டி வச்சிகிறியேடி! ஒங்கப்பன் உசுரோட கீறது ஒனக்குப் புடிக்கலியா?"

அதைக் கேட்டதும் தெருவே கலைந்தது. பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். குழாயடியில் துணியைக்கூட அவிழ்க்காமல் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். பிள்ளைகள் வீறிட்டு அழுதன. எனக்கு நிலைகொள்ளவில்லை.

"வெளிச்சம் பட்டா ஒட்டிக்குமா? இன்னா அநியாயம் இது!" என்று கத்தினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு எப்படித் தெரியும்? கருமாதி நாளில் விடியும் முன்பே, தாலி அறுத்த பெண்கள் சேர்ந்து, புதிதாகப் புருஷனை இழந்தவளை ஆற்றுக்கு அழைத்துப் போவார்கள். மற்றவர்கள் பார்க்கக் கூடாது. கல்யாணம் ஆகாத பெண்களை அதற்கு முந்தின நாளே வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கல் மேடையில் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லக்கூட மாட்டார்கள். நானும் அதே ஊர் ஆற்றில் குளித்து வளர்ந்தவள்தான். அந்த மேடையில் உட்கார்ந்து கால் தேய்த்திருக்கிறேன்.

"காலையில எட்த்துகினு போயி அதே எடத்துல கொட்டிட்டு வா" என்றாள் அம்மா.

"இத கொண்டும்போவலன்னா எனக்கு இந்த வருசம் போச்சும்மா."

"போனா போவுது. தாலிய வுட படிப்பு ஜாஸ்தியா?"

அவள் உள்ளே போய்விட்டாள். கோபத்தோடு சுவிட்சை அணைக்கப் போனேன்.

"அணைக்காத" என்று ஒரு குரல்.

எதிர் வீட்டு அக்கா. எல்லோரும் ஓடியபோது அவர் மட்டும் சுவரை விட்டு நகரவே இல்லை. புடவை முழுக்க நிறங்கள் அசைய, தெருவைக் கடந்து வந்தார்.

"எனக்கு இனிமே இன்னா ஆவப் போவுது? என்னுது கீதான்னு பாக்கறேன். செவப்பு. வெள்ள வெள்ளயா புள்ளி வச்சிருக்கும். திருவிழால அவரு வாங்கிக் குட்த்தது."

ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். புள்ளி வைத்தது ஒன்றுகூட இல்லை.

"எங்க வுழுந்துதுன்னு பாக்க வுடல பாப்பா. ரெண்டு பேரு கையப் புடிச்சிக்கினாங்க. நான் மாட்டன் மாட்டன்னுதான் சொன்னன். கல்லுல வச்சி அடிச்சாங்க. திரும்பிப் பாக்காம வான்ட்டாங்க."

மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்ட கை அது. போனில் நான் விசாரித்தபோது "காரியம் நல்லபடியா முஞ்சிது" என்றுதான் அம்மா சொன்னாள். நல்லபடியா!

மறுநாள் அதைக் கழற்றி வீட்டுக்குள் மாட்டிவிட்டேன். ஆற்றில் கொட்டவும் மனசில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போகவும் மனசில்லை. அம்மா என்னோடு பேசாமல் சமைத்துக்கொண்டிருந்தாள். காட்டு வேலைக்கும் போகவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கத்தான் இருந்தாள்.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். வெளுத்த நைலான் புடவை, வெறும் நெற்றி. எதிர் வீட்டு அக்கா சொல்லி வந்ததாகச் சொன்னாள். "யாருங்க நீங்க?" என்று கேட்டேன்.

"என்னத் தெரியலியா?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கண்டுபிடித்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நர்சிங் படித்துக்கொண்டிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் வந்த கையோடு ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் மோட்டாரில் கரண்ட் அடித்து புருஷன் போய்விட்டானாம். அந்த ஊருக்கும் அதே கல் மேடைதானாம். இவ்வளவையும் பஸ் வரத் தாமதமானதைச் சொல்வது போல் சொன்னாள். என் வயதுதான் அவளுக்கு. நான் சுவிட்சைப் போட்டேன்.

அவள் தேடவே இல்லை. அண்ணாந்து பார்த்தாள். நான் குழந்தை வளையல் என்று உச்சியில் மாட்டியிருந்த துண்டுகளைக் காட்டினாள்.

"அது என்னுது."

திருவிழாக் கடையில் எந்த வளையலும் அவள் கைக்கு நிற்காது. கடைக்காரர் சின்னப் பிள்ளைகள் சரத்தை எடுத்துப் போடுவார். காத்தடிச்சா பறந்துடுவ என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தத் துண்டுகளை மாட்டும்போதே எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி நரம்பை அறுத்து அவள் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நீ சிலை செய்யறதுதான படிக்கிற? இத ஒட்ட முடியுமா?"

அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் பசையை எடுத்தேன். தரையில் வைத்து முனைக்கு முனை பொருத்தினேன். ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் குறைந்தது. பசை காயும் வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரியே. "மெட்ராஸ்ல சாப்பாடெல்லாம் நல்லா கீதா?" என்று கேட்டாள்.

காய்ந்ததும் கையை உள்ளே விட்டாள். சுலபமாகப் போய்விட்டது. இன்னும் இளைத்திருந்தாள்.

அம்மா விறுவிறுவென்று வந்தாள். பிடுங்கத்தான் வருகிறாள் என்று நான் எழுந்து குறுக்கே நின்றேன். என்னைத் தாண்டிப் போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். திரும்பி வந்து அடுப்படிக்குப் போய் டீ போட்டாள்.

டீயைக் குடித்து முடிக்கும் வரை அவள் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தானே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அம்மா கதவைத் திறந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவளை அனுப்பினாள்.

அவள் போன பிறகு அம்மா பல்புக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேற்று அதை வாசலில் மாட்டியதற்காக அடித்தவள், ஒரு துண்டைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இது மோட்டார் கொட்டாக்காரியுது. இது டீக்கடக்காரன் மருமவளுது."

"ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"கூட நாத்து நட்ட கையி. எதுக்க எதுக்கதான பாத்துக்கினு குனிஞ்சிருப்பம்."

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் நிறம் பார்த்து, வளைவு பார்த்துப் பிரித்து வைத்ததையெல்லாம் அவள் ஆள் ஆளாகப் பிரித்தாள். தெரியாதது பாதிக்கு மேல் இருந்தது. வந்து கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு போ என்றாள். துண்டு போய்விட்ட நரம்புகளை அப்படியே காலியாகத் தொங்கவிட்டுத்தான் நான் அதைச் சென்னைக்குக் கொண்டுபோனேன்.

அன்றைக்குக் கடைசியில் ஒரு சிவப்புத் துண்டு அம்மா கையில் நின்றது. நானும் எதிர் வீட்டு அக்காவும் பலமுறை பார்த்துத் தள்ளிய துண்டுதான் அது. அம்மா அதை நகத்தால் சுரண்டி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"புள்ளி தண்ணியில அழிஞ்சி பூட்ச்சி" என்றாள்.

எழுந்து போய் தெருக்கதவை நன்றாக அகலத் திறந்து, எதிர் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எம்மா, கொஞ்சம் எங்க வூட்டுக்கு உள்ள வந்துட்டுப் போ."